ஆட்டத்துக்கும் ஓர் எழுத்து

நம் ஊர்களிலே பழைய கூத்துக் கொப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். காப்பு முதல் மங்களம் வரை பாட்டெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். விருத்தம் எது, தரு எது, வசனம் எது என்று பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். பாத்திரம் களரிக்கு வரும் இடத்திலே வரவுக்குரிய தாளக்கட்டும் சொற்களாகத் தரப்பட்டிருக்கும். அவ்வளவே. அத்தாளக்கட்டுக்கு அரசன் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், களரியை எப்பக்கமாகச் சுற்றினான், எவ்விடத்திலே திரும்பினான், அப்பொழுது கை எங்கே நின்றது என்பன பற்றி ஓர் எழுத்தேனும் அக்கொப்பியில் இராது. அவையெல்லாம் அண்ணாவியாரின் உடம்பிலே இருந்தன. அண்ணாவியார் மறைந்த பின்னர்க் கொப்பி இருக்கும், ஆட்டம் இராது.

நம் கல்லூரியின் யூபிலி மலரிலே இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தையும் எழுதிவைக்க முடியும். அதற்கென எழுத்து முறைகள் உலகிலே தோன்றி வளர்ந்து, இன்று பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைக் கற்று, வட்டுக்கோட்டைக் கூத்தினை எழுதிவைக்கும் வேலையை வட்டுக்கோட்டையிலுள்ள ஒரு கல்லூரியே தொடங்குதல் வேண்டும் என்பது என் கருத்து. இது பெரிய ஆசை என்று சிலர் எண்ணலாம். பெரிய ஆசையன்று, பிந்திப்போன கடமை என்பதே இக்கட்டுரையாற் பெறப்படுவது.

எழுதப்படாத ஆட்டத்துக்கு நேரும் கதி யாது என்பதை அறிவதற்கு நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தைத் திறந்தாற் போதும். மாதவி ஆடிய பதினோராடலின் பெயர்களை நாம் அறிவோம். கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம் எனப் பள்ளி மாணவனும் ஒப்புவிப்பான். அவற்றை ஆடிய தெய்வங்கள் யாவர், எக்காரணத்தால் ஆடினர் என்பனவும் உரைகளிலே உள. ஆயின் குடக்கூத்தின் முதலடி எது என்று கேட்டால் விடை கூறுவார் எவருமிலர். அடியார்க்குநல்லார் தம் காலத்திலேயே பரதம், அகத்தியம் முதலிய பழைய நாடகத் தமிழ் நூல்களும், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பனவும் இறந்தொழிந்தன என்று குறித்துச் சென்றார். நூல் இறந்தது ஓர் இழப்பு. நூல் இருந்திருப்பினும், அதிலே இலக்கணம் இருந்திருக்குமேயன்றி ஆடல் இருந்திருக்குமோ என்பது ஐயம். இலக்கணம் வேறு, ஆடலின் பதிவு வேறு. வெண்பாவுக்கு இலக்கணம் தெரிந்த மாத்திரத்தில் நளவெண்பா நமக்குக் கிடைத்துவிடாது.

ஒரு தலைமுறை எழுதாது விட்டதை மீட்பதற்கு மற்றொரு தலைமுறை எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கின்றது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழின் அமைப்பையும் இசையையும் நூற்சான்று கொண்டு மீண்டும் நிறுவுவதற்காகப் பல்லாண்டு உழைத்தார். அவர்தம் யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அடிகளும் மறைந்தார். இசைக்கருவி ஒன்றை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேண்டியிருந்தது. ஆட்டத்தை மீட்க எத்தனை வாழ்நாள் வேண்டுமோ!

இனி, வட்டுக்கோட்டை மண்ணுக்கும் எழுதிக் காத்தலுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை இவ்வூரிலிருந்த செமினரியிலேதான் கற்றார். 1823 இலே தொடங்கி 1855 இலே மூடப்பட்ட அச்செமினரியில் அவர் பெற்ற கல்வி, பிற்காலத்திலே ஏடு தேடும் பெருந்தொண்டுக்கு உதவிற்று. தொட்டால் முரியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சிலேற்றினார். ஏட்டிலே இருந்ததைத் தாளுக்கு மாற்றாவிடின் அது அழியும் என்பதை அவர் கண்டார். இன்று நம் முன்னுள்ள கேள்வியும் அதுவே. அவர்க்கு முன் ஏடு இருந்தது. நமக்கு முன் ஏடும் இல்லை, மனித உடம்பு ஒன்றே உண்டு. ஏடு முந்நூறு ஆண்டு கிடக்கும். மனித உடம்பு எண்பது ஆண்டும் நிலைப்பது அரிது.

வட்டுக்கோட்டைக் கூத்து என்பது பாரதக் கதையைப் பொருளாகக் கொண்டு வழிவழியாக ஆடப்பட்டு வந்த வடமோடிக் கூத்தாகும். தருமபுத்திர நாடகம் என்னும் பெயரைக் கேட்டவுடன் இவ்வூர் முதியோர் முகம் மலர்வதைக் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காத்தவராயன் கூத்து பல ஊர்களிலும் ஆடப்படுவதேனும், அதன் துள்ளுநடை வேறு, வடமோடியின் ஆட்டம் வேறு. வடமோடியைக் காண விரும்புவார் பெரும்பாலும் மட்டக்களப்புக்கே செல்வர். அங்ஙனமாக, இங்கே ஓரூரில் அது வேரூன்றி நின்றமை சிறப்பன்றோ? அச்சிறப்பைப் படித்த நாம் எவ்வளவு காலம் சிறப்பாக எண்ணினோம் என்பது வேறு விடயம். உண்மையைச் சொல்வதானால், கல்லூரிக்குச் சென்றவர்கள் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. கல்லூரி மேடையிலே ஷேக்ஸ்பியரும் சம்பந்த முதலியாரும் ஏறினர். அண்ணாவியார் வேலிக்கு வெளியே நின்றார்.

அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962 இல் கர்ணன் போரையும், அதனையடுத்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பனவற்றையும் அவர் மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து, படித்தோர் அமர்ந்து பார்க்கும் அளவுக்குச் சுருக்கிச் செம்மை செய்யப்பட்டது. அதனோடு நில்லாது, அலங்கார ரூபன் நாடகத்தை 1962 இலும், என்றீக் எம்பரதோர் நாடகத்தை 1964 இலும் அவர் பதிப்பித்து வெளியிட்டார். கூத்தின் பாட்டு அதனால் அச்சேறியது. கூத்தின் ஆட்டமோ அண்ணாவியாரிடமிருந்து மாணாக்கர் உடம்புக்கே சென்றது. அம்மாணாக்கருள் ஒருவராகிய பேராசிரியர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியமையால் ஆட்டங்களின் பெயரும் இயல்பும் ஓரளவு நூலேறின. எனினும், எட்டு, நாலடி, வீசாணம், குத்துமிதி என்னும் பெயர்களைப் படித்த ஒருவன், அவற்றை முன்பின் பார்த்திராதவனாயின், அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து ஆடிவிட முடியாது. விளக்கம் வேறு, எழுத்து வேறு. குயிலின் குரலைப் பற்றி நூறு பக்கம் எழுதலாம். அப்பக்கங்களிலே குயில் கூவாது.

ஆட்டத்தைக் குறிப்பதற்கு நம்மிடம் யாதொரு வழியும் இருந்ததில்லை என்று கூறுதல் பொருந்தாது. மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் அரைவழிகள்.

முதலாவது, சொற்கட்டு. ‘தா தெய் தெய் தா’ என்று எழுதினால் தாளத்தின் நடையும் அடி விழும் கணமும் விளங்குகின்றன. பரதம் கற்கும் சிறுமிக்கு ‘தெய்யும் தத்தத் தெய்யும் தா’ என்றால் நாட்டடவு நினைவுக்கு வரும். ஆயின் அந்நினைவு அவள் ஏற்கெனவே கற்றதனால் வருவது. அதே சொல்லுக்குப் பந்தணைநல்லூர் வழியிலே கற்றவரும் வழுவூர் வழியிலே கற்றவரும் கையை நீட்டும் முறையும் உடலை வளைக்கும் முறையும் வேறுபடும். சொற்கட்டு எப்பொழுது என்பதைச் சொல்லும். எங்கே, எப்படி என்பதைச் சொல்லாது.

இரண்டாவது, பெயர். அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் 28 பெயரிடப்பட்டுள்ளன. பதாகம் என்றால் விரல்கள் நிற்கும் நிலை ஐயமின்றி விளங்கும். கையைப் பொறுத்தவரை இது பெரும்பேறு. ஆயின் பதாகக் கை மார்பினின்று தோளுக்கு எவ்வழியாகச் சென்றது, எத்தனை தாள அளவிலே சென்றது என்பதைப் பெயர் காட்டாது.

மூன்றாவது, சிற்பம். நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களைச் சிதம்பரத்துக் கோபுரங்களிலே செதுக்கி, சிலவிடங்களில் அவற்றுக்குரிய சுலோகங்களையும் பொறித்துள்ளனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் மேற்றளத்திலே 81 கரணங்கள் மாத்திரமே முற்றுப்பெற்றுள்ளன. எஞ்சிய இடங்கள் வெறுங்கல்லாகவே கிடக்கின்றன. கல்லிலே எழுதிய ஆடலேடு என்று அவற்றைப் போற்றுவது தக்கதே. எனினும் கல் ஒரு கணத்தையே காட்டும். கரணமோ ஓர் அசைவு. சிற்பி காட்டியது அசைவின் தொடக்கமா, நடுவா, முடிவா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். அசைவை அசைவாக எழுதும் எழுத்து அன்று இருந்திருப்பின் அவ்வாதத்துக்கு இடமே இராது.

மேனாட்டவர் இவ்வெழுத்தைத் தேடிய வரலாறு நீண்டது. 1700 இலே பாரிஸ் நகரில் பெயியே என்பவர், ஆடுவோர் தரையிலே செல்லும் பாதையைக் கோடாக வரைந்து, அக்கோட்டின் இருமருங்கும் கால்வைப்புகளைக் குறியிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 1892 இலே இரஷ்ய ஆடல்வல்லுநர் ஸ்தெப்பானோவ், இசைக்குறிகளைப் போன்ற குறிகளால் உடலசைவை எழுதும் முறையொன்றை வெளியிட்டார். இம்முறையின் பின்கதை நாம் ஊன்றிக் கேட்கத் தக்கது.

பீட்டர்ஸ்பர்க் நகரத்து அரச அரங்கிலே ஆடப்பட்ட பலே நாடகங்கள் பல இம்முறையிலே எழுதப்பட்டிருந்தன. 1917 இன் புரட்சிக்குப் பின்னர், அவ்வரங்கின் நெறியாளராயிருந்த நிக்கொலாய் சேர்கெயெவ் அத்தாள்களுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். 1930 களில் இலண்டனிலே, அத்தாள்களைக் கொண்டு கொப்பேலியா, ஜிசேல், அன்னத் தடாகம், உறங்கும் அழகி முதலியவற்றை அவர் ஆங்கிலேயருக்குக் கற்பித்தார். இங்கிலாந்தின் பலே மரபுக்கு அவை அடித்தளமாயின. பின்னர் அத்தாள்கள் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்தன. 1999 இலே பீட்டர்ஸ்பர்க்கின் அதே அரங்கு, தான் இழந்த உறங்கும் அழகியின் பழைய வடிவத்தை மீண்டும் அமைக்க விரும்பியபோது, அத்தாள்களையே நாடவேண்டியிருந்தது. தான் பிறந்த ஊருக்கு அவ்வாட்டம் தாளின் வழியாகவே திரும்பியது. இத்தனைக்கும் அத்தாள்கள் முழுமையானவை அல்ல. பலவிடங்களிலே காலசைவும் தரைப்பாதையும் மட்டுமே எழுதப்பட்டுள்ளன. கைக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கின்றது. அரைகுறையாக எழுதியதே இவ்வளவு உதவுமாயின், நிறைவாக எழுதியது எவ்வளவு உதவும்!

ஊரைவிட்டுப் பெயர்தல் என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கையில் எடுக்கக் கூடியதை எடுத்தனர். உறுதியும் சான்றிதழும் எடுத்தனர். அண்ணாவிமாரும் மத்தளகாரரும் கூத்தாடிய இளைஞரும் அவ்வழியே சிதறினர். சிலர் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், சிலர் கடல் கடந்தும் சென்றனர். எழுதிய ஆட்டம் ஒன்று இருந்திருப்பின் அதுவும் ஒரு பையினுள் அடங்கியிருக்கும். ரொறன்ரோவிலே பிறந்த பேரன் அதை விரித்து வைத்துப் பாட்டன் ஆடியதை ஆடியிருப்பான்.

இன்று உலகிலே பெரிதும் வழங்கும் முறைகள் இரண்டு. ஒன்று ருடோல்ப் லாபன் 1928 இலே வெளியிட்டது. மற்றொன்று ருடோல்ப் பெனெஷ், ஜோன் பெனெஷ் என்னும் கணவனும் மனைவியும் வகுத்து 1956 இலே நூலாக வெளியிட்டது.

பெனெஷ் முறை இசை எழுதும் ஐங்கோட்டைப் போன்றது. மேற்கோடு தலையுச்சி, அடுத்தது தோள், அடுத்தது இடை, அடுத்தது முழங்கால், அடிக்கோடு நிலம். ஆடுபவரைப் பின்னின்று பார்ப்பதாகக் கொண்டு, கையும் காலும் நிற்கும் இடங்களை அக்கோடுகளின் மீது குறிப்பர். உடலுக்கு நேரே நிற்பதற்குக் கிடைக்கோடு, முன்னே நிற்பதற்குக் குத்துக்கோடு, பின்னே நிற்பதற்குப் புள்ளி. இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லலாம்.

லாபன் முறை தாளின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கப்படும். நடுவே ஒரு நெடுங்கோடு. அது உடலின் நடு. அதன் வலப்புறம் வலக்கால், வலக்கை. இடப்புறம் இடக்கால், இடக்கை. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குறி. குறியின் வடிவம் திசையைக் காட்டும். குறியின் நீளம் காலத்தைக் காட்டும். குறியின் நிறம் உயரத்தைக் காட்டும். காற்குறியின் நடுவே புள்ளியிட்டால் முழங்கால் மடியாத இயல்பு நிலை. முற்றுங் கறுப்பித்தால் முழங்கால் மடிந்த தாழ்நிலை. சாய்கோடிட்டால் விரல்நுனியில் எழுந்த உயர்நிலை. ஆகவே, வலக்காலை ஒரு தாள அளவிலே முழங்கால் மடித்து முன்வைத்தல் என்பதைக் கூற, நடுக்கோட்டின் வலப்பக்கத்திலே, முன்னோக்கிய வடிவுடையதாய், ஓரளவு நீளமுடையதாய், கறுப்பிக்கப்பட்டதாய் ஒரே ஒரு குறி போதும். எப்பொழுது, எங்கே, எப்படி என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வொரு குறி விடை தருகின்றது. சொற்கட்டு தராததும், பெயர் தராததும், சிற்பம் தராததும் இவ்வொருமையே.

நம்மவர் இத்துறையிலே கைவைத்ததில்லை என்று எண்ண வேண்டா. கேரளத்துக் கூத்துக் கலைஞரும் ஆராய்ச்சியாளருமாகிய கோ. வேணு, கதகளி முத்திரைகளைக் குறிப்பதற்குத் தாமே ஒரு முறையை வகுத்து 1977 இலே நூலாக்கினார். பின்னர் 2000 ஆம் ஆண்டிலே வெளிவந்த பெருநூலில் 874 கைக்குறிகளை அவ்வாறு எழுதிக் காட்டினார். ஆசான்மாரிடம் அமர்ந்து கற்ற ஒருவரே எழுத்தையும் வகுத்தார் என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். எழுத்து வெளியிலிருந்து வரலாம். எழுதும் கை உள்ளிருந்தே வருதல் வேண்டும்.

இனி இக்கருத்துக்கு எழும் தடைகளை நோக்குவோம்.

‘கைத்தொலைபேசியிலேயே வீடியோ எடுத்துவிடலாமே, இக்குறிகளை எதற்குக் கற்பது?’ என்பர். வீடியோ எடுப்பதை நான் தடுக்கவில்லை. இன்றே எடுங்கள் என்பேன். ஆயின் வீடியோ காட்டுவது கூத்தையன்று; ஓரிரவு ஒருவர் ஆடியதை. அவர் அன்று தவறவிட்ட அடியும் அதிலே இருக்கும். தவறெது முறையெது என்று அது பிரித்துச் சொல்லாது. களரியோ வட்டக்களரி, நாற்புறமும் மக்கள் இருந்து பார்ப்பதற்கென அமைந்தது. வீடியோ ஒருபுறம் நின்றே பார்க்கின்றது. அரசன் அணிந்த கரப்புடுப்பு அவன் முழங்காலை மறைத்துவிடும். மறைந்த கால் மடிந்ததோ நிமிர்ந்ததோ வீடியோவுக்குத் தெரியாது, அண்ணாவியாருக்கே தெரியும். முப்பது ஆண்டுக்கு முன் திருமண வீடுகளிலே எடுத்த ஒளிநாடாக்கள் இன்று எத்தனை வீட்டிலே ஓடுகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க. ஒலிநாடா இருக்கின்றதென்று இசை பயில்வோர் சுரம் எழுதுவதை விட்டுவிட்டாரா? இரண்டும் வேண்டியனவே. ஒன்று சாட்சி, மற்றொன்று எழுத்து.

‘கூத்து குருவிடம் இருந்து கற்பது, தாளில் இருந்து கற்றால் உயிர் போய்விடும்’ என்பது இரண்டாவது தடை. இத்தடையிலே உண்மை உண்டு. முகத்தின் ஒளியையும் பாட்டோடு ஆட்டம் கலக்கும் இழைவையும் எக்குறியும் முற்றாகப் பிடிக்காது. ஆயின் இதே தடை இசைக்கும் கூறப்பட்டது. சுப்பராம தீட்சிதர் 1904 இலே எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை வெளியிட்டு, கமகங்களுக்கும் தனித்தனி அடையாளமிட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் இருநூறுக்கு மேற்பட்டவற்றைச் சுரப்படுத்தினார். அதனால் குருமார் இல்லாது போயினரா? இல்லை. பாட்டன் பாடியது இதுவா அதுவா என்று ஐயம் எழுந்தபோது திறந்து பார்ப்பதற்கு ஒரு நூல் கிடைத்தது. தேவாரம் ஏட்டிலே எழுதியிருந்தது. அதனால் ஓதுவார் வேண்டாம் என்று எவரும் கூறியதில்லை. எழுத்து குருவுக்கு மாற்றன்று. குரு இல்லாத நாளுக்குக் காவல்.

‘எழுதிவிட்டால் கூத்து உறைந்துபோகும், வளராது’ என்பது மூன்றாவது. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கியபோது எதைச் சுருக்கினார், எதை விட்டார் என்பதை இன்று ஒருவர் அறிய விரும்பினால், அக்காலத்து ஆட்டம் எழுதப்பட்டிருந்தாலன்றோ முடியும்? மாற்றத்தை அளப்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். மட்டக்களப்பு வடமோடியும் வட்டுக்கோட்டை வடமோடியும் எவ்வடியிலே ஒன்றுபடும், எவ்வடியிலே பிரியும் என்னும் கேள்விக்கு வாய்ச்சொல்லால் விடை காண இயலாது. இருவகை ஆட்டத்தையும் தாளிலே எழுதி அருகருகே வைத்தால் சிறுவனும் காண்பான்.

நான்காவது தடை, ‘எழுதிவிட்டால் எவரும் எடுத்தாடுவர், அண்ணாவியாருக்கு என்ன மிஞ்சும்?’ என்பது. இதனை நான் மிகவும் மதிக்கின்றேன். ஏனெனில் எழுத்தறிந்தவர் எழுத்தறியாதவரிடம் பெற்றுக்கொண்டு அவர் பெயரை மறந்த கதைகள் பல. ஆயின் எழுத்தே இதற்குக் காப்புமாகும். 1952 இலே அமெரிக்காவில் ஹான்யா ஹோம் என்னும் ஆடலாசிரியை, ‘கிஸ் மீ கேட்’ என்னும் இசைநாடகத்துக்குத் தாம் அமைத்த ஆட்டத்தை லாபன் எழுத்திலே எழுதுவித்துப் பதிப்புரிமை பெற்றார். ஆட்டத்துக்கு இம்முறையிலே உரிமை பெற்றதற்கு அதுவே முதல் எடுத்துக்காட்டு. எழுதப்பட்டதனாலேயே அது அவருடைய பொருளாயிற்று. நாம் எழுதும் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஆட்டத்தைத் தந்த அண்ணாவியாரின் பெயர் நிற்றல் வேண்டும். அவருடைய இசைவின்றி ஒரு குறியும் இடப்படலாகாது. எழுதியவன் பெயர் அடியிலே சிறிதாக இருந்தாற் போதும்.

இனிச் செய்யவேண்டியது யாது? கனவு வேண்டா, அளவான வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

லாபன் முறையைக் கொள்வதே கூத்துக்கு ஏற்றது என்பது என் துணிபு. கூத்தின் உயிர் காலடியிலும் சுழற்சியிலும் களரியைச் சுற்றும் பாதையிலும் இருக்கின்றது. இம்மூன்றையும் அம்முறை செவ்வனே காட்டும். கைக்குப் புதுக்குறி தேடவேண்டியதில்லை. முத்திரைப் பெயரின் முதலெழுத்தைத் தமிழிலேயே குறியோடு சேர்த்து எழுதலாம். தாளக்கட்டுச் சொற்களை நெடுங்கோட்டின் ஓரத்திலே கீழிருந்து மேலாக எழுதிவரலாம். கூத்துக் கொப்பியின் இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் ஆட்டம் என அமைத்தால் பழைய கொப்பி இரண்டு மடங்காகும். அதன் பயனோ பன்மடங்காகும்.

மேல்வகுப்பு மாணவர் பத்துப் பேர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் செலவிட்டால், கால்வைப்பையும் திரும்புதலையும் எழுதும் அளவுக்கு இம்முறையை ஓராண்டிலே பழகிவிடலாம். இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960 இலே மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்று, 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடனமும் கற்பிக்கின்றது. அங்கே பயின்ற ஆசிரியைமார் நம் வட்டாரத்துப் பள்ளிகளிலே பலர் உளர். அவர்தம் துணையைக் கேட்போம். கணக்கிலே வல்ல மாணவன் இதிலே விரைந்து தேர்வான். ஏனெனில் இது திசையும் காலமும் உயரமும் பற்றிய கணக்கே. ஆடத் தெரிந்தவன் எழுதுவதிலே பின்தங்கலாம். எழுதத் தெரிந்தவன் ஆடுவதிலே பின்தங்கலாம். இருவரும் அருகிருந்து கற்பது இருவர்க்கும் நன்று.

பின்னர் முழுக்கூத்தையும் எழுதப் புறப்படாது, ஒரு பாத்திரத்தின் வரவு ஆட்டத்தை மாத்திரம் எடுத்துக்கொள்க. அண்ணாவியாரைக் கல்லூரிக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மதிப்போடும் ஊதியத்தோடும் இருத்துக. இருவர் எழுதுக. எழுதியதை, அவ்வாட்டத்தை ஒருபோதும் பார்த்திராத மூன்றாமவன் ஒருவனிடம் கொடுத்து ஆடச் செய்க. அவன் ஆடுவதை அண்ணாவியார் பார்த்துத் திருத்துக. எங்கே அவர் ‘அப்படியல்ல’ என்று எழுந்திருக்கின்றாரோ அங்கே நம் எழுத்திலே குறை உண்டு. குறைக்கு ஒரு குறி சேர்த்து மீண்டும் கொடுக்க. அவர் எழுந்திராமல் தலையசைக்கும் நாளிலே அந்த வரவு எழுதப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். வேறு தேர்வு வேண்டியதில்லை.

எழுதிய பின்னரும் ஒன்று உண்டு. எழுத்தும் எரியும். 1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அதனோடு எரிந்தன. அன்று கற்ற பாடம், ஒரே படியாக எதனையும் வைத்தல் ஆகாது என்பது. ஆகவே ஒரு படி கல்லூரி நூலகத்திலும், ஒரு படி அண்ணாவியார் வீட்டிலும், ஒரு படி பல்கலைக்கழகத்திலும், ஒரு படி கடல் கடந்த பழைய மாணவர் சங்கக் கிளைகளிலும் இருத்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் கல்லூரிக்குக் கட்டடமும் கணினியும் தந்துள்ளனர்; நன்றியுடன் ஏற்றோம். இதற்கு வேண்டுவது அவற்றினும் மிகச் சிறிது. ஓர் ஆசிரியையின் பயிற்சிச் செலவும், ஓர் அண்ணாவியாரின் ஊதியமும், சில கட்டுத் தாளுமே.

கல்லூரி என்பது எழுத்தின் வீடு. அண்ணாவியார் என்பவர் ஆட்டத்தின் வீடு. இவ்விரு வீடுகளும் ஒரே ஊரிலே, ஒரே தெருவிலே இருந்தும், நடுவே ஒரு வேலி நின்றது. எழுதத் தெரிந்த நாம் ஆட்டத்தைக் கேட்டு எழுதவில்லை; ஆடத் தெரிந்த அவரோ எழுதும்படி கேட்கவில்லை. அவர் கேட்கக் கடமைப்பட்டவரல்லர். கேட்டுச் செல்ல வேண்டியவர் நாமே. ஏடு உள்ளபோதே தாமோதரம்பிள்ளை புறப்பட்டார். அண்ணாவியார் உள்ளபோதே நாமும் புறப்படுவோமாக.